இரண்டு ஊர்க் கணக்கு

1. அக்காவும் தங்கையும்

அவர்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்கள். அக்கா கல்யாணமாகி மும்பைக்குப் போனாள். தங்கை கல்யாணமாகி பெங்களூருக்குப் போனாள். இந்தப் பாடத்தில் அவர்களை அக்கா, தங்கை என்றே சொல்வோம்.

அக்கா மும்பையில் தாராவியில் இருக்கிறாள். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர். இட்லி வியாபாரம் செய்பவர்களும் நிறையப் பேர். அக்கா வீட்டிலும் அதுதான் தொழில். மாலையில் அக்கா மாவு அரைப்பாள். விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு எரியும். 6 மணிக்கு அவள் கணவர் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஹாரன் அடித்துக்கொண்டே தெருத் தெருவாகப் போவார். 11 மணிக்குள் பாத்திரம் காலியாகும்.

தங்கை பெங்களூரில் பீன்யா பக்கம் இருக்கிறாள். துணி தைக்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நீங்க எல்லோரும் இங்கே வந்துடுங்க. என் கம்பெனியில் ஆள் எடுக்கிறாங்க. உனக்கு 13,000 சம்பளம். அத்தானுக்குக் காவல்காரர் வேலை பார்த்து வெச்சிருக்கோம். 15,000 சம்பளம். மொத்தம் 28,000 ஆச்சு. வெயில் கிடையாது. பொம்பளைங்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கு."

கடைசியாகச் சொன்னது அக்கா மனசில் தைத்தது. அவளுக்கு 13 வயதில் ஒரு மகள். 4 வயதில் ஒரு மகன். அவர்கள் இருக்கும் சந்தில் எல்லோருக்கும் பொதுக் கழிப்பிடம்தான். காலையில் வரிசை நிற்கும். இரவில் தனியாகப் போக மகளுக்குப் பயம். அதனால் சாயங்காலம் ஆனதும் அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். அக்கா அதைப் பலநாள் பார்த்திருக்கிறாள்.

"போயிடலாமாங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"28,000 எங்கே, 21,000 எங்கே? போக வேண்டியதுதான்" என்றார் அவர்.

அக்கா உடனே தலையை ஆட்டவில்லை. அவள் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். "கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றாள். மகளின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்தாள். நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் மும்பை. ஒரு பக்கம் பெங்களூர்.

2. மும்பைக் கணக்கு

முதலில் தன் வீட்டுச் செலவை எழுதினாள். இது ஒரு வீட்டின் எடுத்துக்காட்டுக் கணக்கு. தெருவுக்குத் தெரு இது மாறும். எப்படி எழுதினாள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு மாத வரவு: அரிசி, உளுந்து, காஸ் செலவு போக இட்லியில் மிச்சம் 21,000 ரூபாய்.

ஒரு மாதச் செலவு:
வாடகை – 7,000
மின்சாரம் – 900
தண்ணீர், கழிப்பிடம் – 300
சாப்பாடு – 6,000
பஸ், ரயில் – 400
பள்ளிக்கூடம் – 800
மருந்து – 600
போன் – 500
மொத்தச் செலவு – 16,500

மிச்சம்: 21,000 – 16,500 = 4,500 ரூபாய்.

மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள். "அம்மா, நாம காலையில் சாப்பிடுறது எல்லாம் நம்ம இட்லிதானே? அதை எழுதவே இல்லையே" என்றாள்.

உண்மைதான். காலைச் சாப்பாடு தொழிலிலிருந்தே வந்துவிடுகிறது. அதனால்தான் சாப்பாட்டுச் செலவு 6,000 ரூபாயோடு நிற்கிறது. பெங்களூர் போனால் காலைச் சாப்பாட்டுக்கும் காசு வேண்டும்.

"அங்கே போயும் இட்லி விற்கலாமே?" என்றாள் மகள்.

அப்பா சிரித்தார். "பெங்களூரில் தெருவுக்கு நாலு இட்லிக் கடை இருக்கும்மா. திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற கதையாயிடும்."

3. பெங்களூர்க் கணக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தங்கைக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு விலையாகக் கேட்டு எழுதினாள்.

ஒரு மாதச் செலவு:
வாடகை – 8,000
மின்சாரம் – 500
தண்ணீர் – 500
சாப்பாடு – 7,000
பஸ் – 1,200
பள்ளிக்கூடம் – 1,000
மகனைப் பார்த்துக்கொள்ள – 1,500
மருந்து – 600
போன் – 500
மொத்தச் செலவு – 20,800

வரவு 28,000. செலவு 20,800. மிச்சம் 7,200 ரூபாய். மும்பையைவிட 2,700 ரூபாய் அதிகம்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்றார் கணவர்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம். "உன் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்று தங்கையிடம் கேட்டாள். படம் போனில் வந்தது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

சம்பளம் – 13,000
வருங்கால வைப்பு நிதி – 1,560
இ.எஸ்.ஐ. – 98
கையில் கிடைப்பது – 11,342

சொல்லும் சம்பளம் வேறு. கையில் வரும் சம்பளம் வேறு. தங்கை பொய் சொல்லவில்லை. எல்லோரும் சம்பளத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்.

வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 12 ரூபாய் பிடிப்பார்கள். அதை பி.எஃப். என்றும் சொல்வார்கள். முதலாளியும் தன் பங்குக்கு 12 ரூபாய் போட வேண்டும். இது தொலைந்த பணம் அல்ல. தொழிலாளியின் பெயரில் சேரும் பணம். இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் காப்பீடு. அதற்கு 100 ரூபாய்க்கு 75 பைசா பிடிப்பார்கள். முதலாளி 3 ரூபாய் 25 பைசா கட்டுவார். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் உண்டு.

ஆனால் இந்த மாத அரிசிக்கு அந்தப் பணம் வராது. அதனால் அக்கா கையில் வரும் பணத்தை மட்டும் எழுதினாள். கணவர் சம்பளத்துக்கும் அதேபோலக் கணக்குப் போட்டாள். 15,000இல் 1,800ம் 113ம் போனால் 13,087.

11,342 + 13,087 = 24,429 ரூபாய்.
24,429 – 20,800 = 3,629 ரூபாய்.

மும்பையில் மிச்சம் 4,500. பெங்களூரில் மிச்சம் 3,629. கணக்கு தலைகீழாக மாறிவிட்டது.

4. போய்ச் சேரும் செலவு

"வீட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு?" என்று அக்கா கேட்டாள்.

"ஆறு மாத வாடகை கேட்கிறாங்க" என்றாள் தங்கை.

ஆறு மாத வாடகை 48,000 ரூபாய். ரயிலுக்கும் சாமான் ஏற்றவும் 6,000 ரூபாய். மொத்தம் 54,000. தாராவி வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் 20,000 திரும்பி வரும். மீதி 34,000 ரூபாய்க்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 680 ரூபாய். அதையும் கழித்தால் பெங்களூரில் மிச்சம் 2,949 ரூபாய்.

அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்பி வரும். ஆனால் வட்டி திரும்பி வராது.

5. சலுகை நமக்கு உண்டா?

தங்கை சொன்ன சலுகைகளையும் அக்கா விசாரித்தாள்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் மாதம் முதல் அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இது கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்குத்தான். அந்த ஊர் முகவரி உள்ள அட்டையைக் காட்ட வேண்டும். அக்காவின் ஆதார் அட்டையில் மும்பை முகவரி இருக்கிறது. அதை மாற்றும்வரை அவள் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும்.

ரேஷன் எப்படி? 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்னுரிமை அட்டை உள்ள குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. அதனால் மும்பை அட்டையைக் கொண்டு பெங்களூரிலும் அந்தத் தானியத்தை வாங்கலாம். அட்டையோடு ஆதார் சேர்ந்திருக்க வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். கர்நாடக அரசு தன் பங்குக்குக் கூடுதலாகத் தருவது கர்நாடக அட்டைக்கு மட்டும்தான்.

சலுகை உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. அது நமக்கு உண்டா, எப்போது முதல் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

6. ஊர் எப்படிப்பட்ட ஊர்?

இரண்டும் பெரிய நகரங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மும்பையில் சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர். பெங்களூரில் சுமார் 84 லட்சம் பேர். அதன் பிறகு பெங்களூர் மிகவும் வளர்ந்துவிட்டது.

மும்பை கடலோர ஊர். வியர்வை ஊற்றும். மழை வந்தால் பெருமழை. 2005 ஜூலை 26ஆம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பொங்கியது. தாராவி அந்த ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் குளிர்ச்சி. அங்கேயும் தாழ்வான இடங்களில் வெள்ளம் வரும். 2022 செப்டம்பரில் பல தெருக்கள் மூழ்கின.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மும்பைக்கு ஏழு ஏரிகளின் தண்ணீர் வருகிறது. பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் ஓடுகிறது. தண்ணீரைப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்ற வேண்டும். அதற்கு மின்சாரச் செலவு அதிகம். காவிரிக் குழாய் போகாத தெருக்களில் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான். 2024 கோடையில் பல கிணறுகள் வற்றிவிட்டன. லாரித் தண்ணீர் விலை ஏறியது. அதனால் வாடகைக்கு வீடு பார்க்கும்போது, "காவிரித் தண்ணீர் வருமா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

போக்குவரத்து எப்படி? மும்பைக்கு மின்சார ரயில்தான் உயிர். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853ஆம் ஆண்டு மும்பையிலிருந்து தானேக்குத்தான் ஓடியது. இன்றும் ஏழைக்குக் கட்டுப்படியாகும் பயணம் அதுதான். ஆனால் நெரிசல் அதிகம். பெங்களூரில் 2011ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் வந்தது. ஆனாலும் பெரும்பாலோர் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறார்கள். சாலையில் நெரிசல். தங்கைக்கு வேலைக்குப் போய்வரவே நாளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது.

7. விலை போட முடியாதவை

அக்கா நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மேலே "ரூபாயில் எழுத முடியாதவை" என்று எழுதினாள்.

பெங்களூர்ப் பக்கத்தில் எழுதியவை:
கழிப்பிடம் வீட்டுக்குள்.
பி.எஃப். பணம் சேரும். இ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு.
தங்கை பக்கத்தில்.
ஊருக்கு ஒரு ராத்திரிப் பயணம். மும்பையிலிருந்து ஒன்றரை நாள். ஊரில் அம்மாவுக்கு வயதாகிறது.

மும்பைப் பக்கத்தில் எழுதியவை:
சொந்தத் தொழில். 10 வருட வாடிக்கை.
11 மணிக்கு மேல் அப்பா வீட்டில். பெங்களூரில் அவருக்கு 12 மணி நேர வேலை.
அம்மா எப்போதும் வீட்டில். மகனை வேறு ஒருவரிடம் விட வேண்டாம்.
மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம்.
பக்கத்திலேயே மாநகராட்சி ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அக்கா வகுப்பு டீச்சரிடம் கேட்டாள். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. மகள் அதில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெங்களூர் போனால் கன்னடம் படிக்க வேண்டும். சின்னவன் சுலபமாகக் கற்றுக்கொள்வான். மகளுக்கு இரண்டு வருடத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். 6 வயதிலிருந்து 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. ஊர் மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

8. மகள் சொன்ன பதில்

இரவு சாப்பாடு முடிந்தது. நோட்டு நடுவில் கிடந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கணக்கைப் பார்த்தால் இங்கேதான் கொஞ்சம் மேல். ஆனால் இவளுக்காகப் போகலாம். காசு குறைந்தாலும் பரவாயில்லை" என்றாள் அக்கா.

"எனக்காகன்னா என்னையும் கேளுங்க" என்றாள் மகள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"எனக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கு. டீச்சர் பிடிச்சிருக்கு. கக்கூஸ் மட்டும் வீட்டுக்குள்ளே இருந்தால் போதும். எந்த ஊராக இருந்தாலும் சரி."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாம எந்த ஊர் எந்த ஊர்னு கேட்டோம். எந்த வீடுன்னு கேட்கவே இல்லை" என்றார்.

மறுநாள் இட்லி விற்றபடியே அவர் வீடு விசாரித்தார். இரண்டு வாரம் தேடினார். கழிப்பிடம் உள்ள ஓர் அறை கிடைத்தது. வாடகை 10,500. இப்போது கொடுப்பதைவிட 3,500 ரூபாய் அதிகம். முன்பணம் 30,000.

அக்கா மறுபடியும் நோட்டை எடுத்தாள்.

4,500 – 3,500 = 1,000 ரூபாய். இது போதாது.

"நாளைக்கு இன்னும் 60 இட்லி சேர்த்து ஊற்றினால் விற்க முடியுமா?" என்று கேட்டாள்.

"ரயில் நிலையம் பக்கம் ஒரு நடை போனால் விற்கலாம்" என்றார் அவர்.

ஓர் இட்லிக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய். 60 இட்லிக்கு 90 ரூபாய். மாதம் 26 நாள் வியாபாரம். 90 × 26 = 2,340 ரூபாய்.

1,000 + 2,340 = 3,340 ரூபாய். பெங்களூர்க் கணக்கில் மிச்சம் 2,949 ரூபாய்தான். முன்பணத்துக்கு இன்னும் 10,000 ரூபாய் சேர்த்தால் போதும். மூன்று மாதத்தில் சேர்த்துவிடலாம். நகை வீட்டிலேயே இருக்கும்.

மும்பையில் பி.எஃப். கிடையாது. அந்தக் குறை குறைதான். அதற்குப் பதிலாக அஞ்சலகத்தில் ஐந்து வருடத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்குவது என்று முடிவு செய்தார்கள். அதில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். அக்கா 500 ரூபாய் கட்டுவாள்.

இன்னொரு குறையும் உண்டு. அம்மா இருக்கும் ஊர் பக்கத்தில் வந்துவிடவில்லை. அது அக்காவுக்கு வருத்தம்தான். ஒவ்வொரு மே மாதமும் ஊருக்குப் போக உண்டியலில் தனியாகக் காசு போடுகிறாள்.

தங்கைக்குப் போன் செய்தாள். "இப்போ வரலைடி. மகள் பத்தாவது முடிக்கட்டும். அப்போ மறுபடியும் கணக்குப் போடுறேன்" என்றாள்.

"சரிக்கா. எனக்கும் அந்த நோட்டை அனுப்பு. நானும் என் வீட்டுக் கணக்கை எழுதிப் பார்க்கிறேன்" என்றாள் தங்கை.

புது வீட்டுக்குப் போன முதல் நாள் இரவு. மகள் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

9. நாம் தெரிந்துகொண்டவை

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரைக்குப் போகவே கூடாது என்று அதற்குப் பொருள் அல்ல. போவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். இதே கணக்கு வேறு ஒரு குடும்பத்தைப் பெங்களூருக்கே போகச் சொல்லலாம். சொந்தத் தொழில் இல்லாதவர்களுக்கு பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் உள்ள வேலை பெரிய பலம்.

ஊர் மாறும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

கையில் வரும் சம்பளம் எவ்வளவு?
வாடகை, அட்வான்ஸ் எவ்வளவு? அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வட்டி எவ்வளவு?
தண்ணீர் வருமா? கழிப்பிடம் உண்டா?
வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம்?
பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? சின்னக் குழந்தையை யார் பார்ப்பார்கள்?
சலுகைகள் நமக்கு உண்டா? என்ன அட்டை வேண்டும்?
வீட்டில் எல்லோரையும் கேட்டோமா?

பயிற்சி

விடை சொல்லுங்கள்:
1. தங்கை சொன்ன சம்பளம் 13,000. கையில் வந்தது எவ்வளவு? ஏன்?
2. பெங்களூரில் தண்ணீருக்கு ஏன் செலவு அதிகம்?
3. மகளிடம் கேட்காமல் முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணக்குப் போடுங்கள்:
1. ஒரு வீட்டின் வரவு 18,000. செலவு 15,700. மிச்சம் எவ்வளவு?
2. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. 10,000 ரூபாய்க்கு ஒரு வருட வட்டி எவ்வளவு?

செய்து பாருங்கள்:
ஒரு தாளில் உங்கள் வீட்டின் ஒரு மாத வரவையும் செலவையும் எழுதுங்கள். மறுபக்கத்தில், ரூபாயில் எழுத முடியாத நல்லது கெட்டதை எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.